தரையில் எழுதிய பெயர்கள்: ரோம் முதல் செவில் வரை

செவ்வாய், ரோம்

உலகத்திலேயே பெரிய தேவாலயம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ரோம், ஸ்பெயினில் செவில், நியூயார்க், பிரேசிலில் அப்பரெசிடா, ஐவரி கோஸ்ட்டில் யமுசுக்ரோ என்று ஐந்து ஊர்க்காரர்களாவது கை தூக்குவார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் நீளத்தைச் சொல்கிறார், இன்னொருவர் பரப்பை, மற்றொருவர் உயரத்தை. சென்னையில் ஃபிளாட் வாங்கியவர்களுக்கு இந்த வித்தை தெரியும். கார்பெட் ஏரியா, பிளிந்த் ஏரியா, சூப்பர் பில்ட்-அப் என்று ஒரே வீட்டுக்கு மூன்று கணக்கு காட்டுவார்கள் அல்லவா, கோயில்களிலும் அதே கதைதான். கட்டடத் தொழிலில் இருப்பவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் கிறுக்கு உண்டு.

உடன் வந்திருப்பது அத்தை. தூத்துக்குடிக்காரி. ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் பனிமய மாதா கோயிலில். நான் அளக்க வந்தேன், அவர் ஜெபிக்க வந்தார். முட்டி வலி இருப்பதால் படி ஏறுவதெல்லாம் என் பங்கு, பூசை அவர் பங்கு என்று விமானத்திலேயே ஒப்பந்தம் ஆகிவிட்டது.

முதல் உரிமை அத்தைக்கு. ஆகவே பெட்டியை அறையில் போட்டதும் போனது சாந்தா மரியா மஜ்ஜோரேவுக்கு. பனிமய மாதா பக்தியின் தாய்வீடு இதுதான். ஆகஸ்ட் 5, கொளுத்தும் வெயில் காலம், எஸ்குவிலின் குன்றில் பனி பெய்து கோயில் எழுப்ப வேண்டிய இடத்தைக் காட்டியது என்பது மரபு. இன்றும் அந்தத் திருநாளில் கூரையிலிருந்து வெள்ளை இதழ்களைத் தூவுகிறார்கள். தூத்துக்குடியிலும் அதே தேதியில்தான் திருவிழா. இந்தக் கூரையை அத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் நான் கோயிலை இரண்டு முறை சுற்றிவிட்டேன். போப் பிரான்சிஸ் அடக்கம் செய்யப்பட்டிருப்பதும் இங்கேதான். கல்லறையில் லத்தீனில் அவர் பெயர் மட்டும், வேறு ஒரு எழுத்து கிடையாது. வரிசை நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அத்தை நகரவில்லை, காவலரும் ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில் பாந்தியன். ரோமானியர் கட்டிய கோயில், 609 முதல் தேவாலயம். குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

புதன், வத்திக்கான்

புதன்கிழமை காலை போப் சதுக்கத்தில் மக்களைச் சந்திக்கும் நேரம். பேதுரு பேராலயத்துக்குள் காலையில் விட மாட்டார்கள். தெரிந்தேதான் வந்தோம், அத்தைக்கு போப்பைப் பார்க்க வேண்டும். வெள்ளை வண்டி எங்கள் வேலிக்குப் பக்கத்தில் வந்தபோது அத்தை ஜெபமாலையைத் தூக்கிக் காட்டினார். தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15-ஆம் தேதி புனிதர் பட்டம் கொடுத்ததும் இதே சதுக்கத்தில்தான். அன்று டிவியில் பார்த்த இடம் எது, மேடை எங்கே இருந்தது, படம் எங்கே தொங்கியது என்று அத்தை விரல் நீட்டி ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னார்.

மதியத்துக்கு மேல் பாதுகாப்புச் சோதனை வரிசை. கட்டணம் கிடையாது, தோள் மூடியிருக்க வேண்டும். வரிசையில் நிற்கும்போது முகப்பை நிதானமாகப் பார்க்கலாம். அகலம் 114 மீட்டருக்கு மேல், உயரம் சுமார் 45. கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்துவிட்டது போல இருக்கும். காரணம் உண்டு. இரண்டு ஓரத்திலும் மணிக்கூண்டு வர வேண்டியது. அதற்கான அடித்தளம்தான் முகப்போடு ஒட்டி நிற்கிறது. சிற்பி பெர்னினி ஒரு பக்கம் கூண்டு எழுப்பினார், கீழே விரிசல் விட்டது, 1646-இல் இறக்கிவிட்டார்கள். நூறாண்டு வேலையில் இப்படி ஒன்றிரண்டு எல்லா சைட்டிலும் நடக்கும்.

உள்ளே போனதும் முதலில் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன்: இவ்வளவுதானா? உள் நீளம் சுமார் 187 மீட்டர், நடு மண்டபத்தின் உயரம் 46 மீட்டர், தரைப்பரப்பு 15,160 சதுர மீட்டர். எல்லா எண்ணும் மனப்பாடம். கண் மட்டும் நம்ப மறுக்கிறது.

வாசலுக்கு உள்ளே தீர்த்தத் தொட்டியைத் தாங்கிக்கொண்டு பளிங்குக் குழந்தைகள் இருக்கின்றன. தூரத்திலிருந்து கொழுகொழுவென்று கைக்குழந்தை போல. அத்தை தீர்த்தம் தொட நேரே நடந்தார். நடக்க நடக்கக் குழந்தை வளர்ந்தது. பக்கத்தில் போனபோது அதன் கன்னம் அத்தையின் தலைக்கு மேலே. அந்தக் குழந்தை ஆறடிக்கு மேல் உயரம்! "எய்யா, நம்ம வீட்டுப் பிள்ள அளவுக்குத்தான் இருக்கும்னுல்லா நெனச்சேன்" என்றார் அத்தை.

சூட்சுமம் அங்கேதான். இங்கே எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். தூண் பெரிது என்றால் தூண் தலையில் இருக்கும் இலையும் பெரிது, குழந்தையும் பெரிது, சுவரில் நிற்கும் புனிதரும் பெரியவர். கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு அளவுகோல் கிடைப்பதில்லை. குவிமாடத்தின் கீழே சுற்றி ஓடும் லத்தீன் எழுத்துகள் பார்க்கப் பத்திரிகைத் தலைப்பு அளவில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 2 மீட்டர். நடுவில் பெர்னினியின் வெண்கல மண்டபம் கிட்டத்தட்ட 29 மீட்டர், ஒன்பது மாடிக் கட்டடத்தின் உயரம். அதுவும் அந்தக் குவிமாடத்தின் கீழே அடக்க ஒடுக்கமாகத்தான் நிற்கிறது. குவிமாடத்தைத் தாங்கும் நான்கு தூண்களில் ஒன்றைச் சுற்றி வந்தால் 71 மீட்டர் நடக்க வேண்டும். தூண் என்ற பெயரில் நான்கு வீட்டை நிறுத்தியிருக்கிறார்கள்.

பிறகு நான் தேடி வந்த பொருள். நடு மண்டபத் தரையில் பளிங்கில் பதித்த உலோக எழுத்துகள். உலகத்தின் மற்ற பெரிய கோயில்களின் பெயரும் நீளமும் லத்தீனில். பீடத்தின் பின்சுவரிலிருந்து வாசலை நோக்கி அளந்து, அந்தக் கோயில் இங்கே கொண்டுவந்து வைத்தால் எதுவரை வரும் என்று குறித்திருக்கிறார்கள். வாசலுக்கு மிக அருகில் லண்டன் பால் ஆலயம், 158 மீட்டர். அதாவது இரண்டாம் இடத்தில் இருப்பவரே வாசலைத் தொட இன்னும் முப்பது மீட்டர் நடக்க வேண்டும். அடுத்து புளோரன்ஸ், 149. அப்புறம் வாஷிங்டன், மிலான், கொலோன், பொலோன்யா, செவில், பாரீஸ் என்று வரிசையாக. இஸ்தான்புல் ஹேகியா சோபியா 109. நியூயார்க் பாட்ரிக் ஆலயம் 101-இல் நின்றுவிடுகிறது.

விருந்தாளிகளைக் கூப்பிட்டு முதுகோடு முதுகு நிறுத்தி, நீ என் தோளுக்குத்தான் வருகிறாய் என்று சொல்கிற வேலை இது. பக்தி இடத்தில் இப்படி ஒரு தம்பட்டமா என்று முகம் சுளிக்கலாம். எனக்கென்னவோ பிடித்திருந்தது. யாரும் கீழே பார்ப்பதில்லை. மிலான் மேல் ஒரு குடும்பம் நின்று செல்ஃபி எடுத்தது, செவில் எழுத்துகளின் மேல் கயிறு கட்டிய கம்பம்.

"அளக்கறத விடு. இதுல எத்தன பேரு இருந்து பூச பாக்கலாம், அதச் சொல்லு" என்றார் அத்தை. அறுபதாயிரம் பேர் என்று எழுதுவார்கள், தோளோடு தோள் இடித்து நின்றால். நாற்காலி போட்டால் அதில் ஒரு பகுதிதான். 1962 முதல் 1965 வரை இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது இந்த நடு மண்டபத்தில். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆயர்களுக்கு இரு பக்கமும் படிப்படியாக இருக்கை கட்டினார்கள். அந்தக் காலத்துப் புகைப்படங்களில்தான் இந்த இடத்தின் உண்மையான அளவு எனக்கு முதலில் உறைத்தது. மனிதர்கள் நிறைந்தால்தான் இந்தக் கட்டடம் தன் அளவைக் காட்டுகிறது.

இன்னொன்று. இவ்வளவு பெரிய கோயில் ரோம் மறைமாவட்டத்தின் கதீட்ரல், அதாவது ஆயரின் இருக்கை உள்ள கோயில், இல்லை. போப் ரோமின் ஆயர் என்ற முறையில் அவருடைய இருக்கை இருப்பது ஊருக்குள் லாத்தரன் யோவான் பேராலயத்தில். இந்தச் சிறிய சட்ட நுணுக்கத்தை வைத்துக்கொண்டு செவில் என்ன செய்கிறது என்பதை அங்கே போய்ச் சொல்கிறேன்.

வியாழன், ரோம் - புளோரன்ஸ்

காலை ஏழரைக்கெல்லாம் குவிமாட வரிசையில். மொத்தம் 551 படி. லிஃப்ட் பிடித்தால் முதல் தளம் வரை போகும், மிச்சம் 320. அத்தை கீழே ஒரு பூசையில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் உட்புற வளையத்தில் விடுகிறார்கள். நேற்று அண்ணாந்து பார்த்த இரண்டு மீட்டர் எழுத்து இப்போது கைக்கெட்டும் தூரத்தில், சின்னச் சின்ன மொசைக் சில்லுகளாக. கம்பி வலை வழியாகக் கீழே பார்த்தால் வெண்கல மண்டபத்தின் உச்சி, அதற்குக் கீழே மனிதர்கள் எள் மாதிரி. நேற்று இல்லாத பயம் இன்று வந்தது. இங்கிருந்து பார்த்தால்தான் இது பெரிய கோயில்.

அதற்கு மேல் இரண்டு ஓடுகளுக்கு நடுவே வழி. உள் ஓடு ஒன்று, வெளி ஓடு ஒன்று, நடுவில் நாம். குவிமாடம் வளைய வளையச் சுவரும் சாய்கிறது. உடம்பைச் சாய்த்துக்கொண்டே ஏற வேண்டும். கடைசிச் சுருள் படியில் கைப்பிடிக்குப் பதில் ஒரு கயிறு தொங்குகிறது. பின்னால் வந்த ஜெர்மன்காரர் மூச்சிரைப்பில் ஏதோ சபித்தார் என்று நினைக்கிறேன்.

மைக்கலாஞ்சலோ எழுபது வயதைத் தாண்டிய பிறகு இந்த வேலையை ஏற்றார். பிரமாந்தே 1506-இல் தொடங்கியது, கை மாறி மாறி வந்திருந்தது. குவிமாடம் 1590-இல் முடிந்தபோது அவர் இல்லை. ஜாக்கோமோ தெல்லா போர்த்தா முடித்தார். 1740-களில் விரிசல் கண்டு, பாதுவா பல்கலைக்கழகத்தின் பொலேனி சங்கிலியைத் தொங்கவிட்டு அதன் வளைவை வைத்துக் கணக்குப் போட்டார். சுற்றிலும் இரும்பு வளையங்கள் போட்டு இறுக்கினார்கள். அந்த வளையங்களோடுதான் இன்றும் நிற்கிறது. சிலுவை நுனி வரை உயரம் 136 மீட்டர் சொச்சம்.

உச்சியிலிருந்து சதுக்கத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் முண்டியடிக்கிறார்கள். நான் பார்த்தது நேர் கீழே இருக்கும் கூரையை. மைக்கலாஞ்சலோ நினைத்தது நான்கு கையும் சமமான சிலுவை. பின்னர் ஐந்தாம் பவுல் காலத்தில் கார்லோ மதெர்னோ முன் கையை நீட்டினார். 1612-இல் முகப்பு, அதன் மேல் போப்பின் பெயர் கொட்டை எழுத்தில். நீட்டியதில் நீளம் சேர்ந்தது, குவிமாடம் போயிற்று. சதுக்கத்தில் நெருங்கி வர வர முகப்பு எழும்பிக் குவிமாடத்தை விழுங்கிவிடுவதை நேற்றே கவனித்தோம். 187 மீட்டர் என்று தரையில் எழுதிக்கொள்ள இது கொடுத்த விலை. என்னைக் கேட்டால் விலை அதிகம்.

மதியம் ரயில். புளோரன்ஸ் வந்து சேர்ந்தபோது மழை. அறைக்குப் போகும் வழியில் சந்து முனையில் திரும்பியதும் குவிமாடம் வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது, அத்தை "இயேசுவே" என்று நின்றுவிட்டார். ரோமில் அவர் இப்படி நிற்கவில்லை.

வெள்ளி, புளோரன்ஸ்

463 படி, லிஃப்ட் கிடையாது, நேரம் குறித்து முன்பதிவு செய்தே ஆக வேண்டும்.

செவ்வாயன்று குறித்த எண்ணை எடுங்கள். பாந்தியன் 43.3 மீட்டர். பேதுரு பேராலயத்தின் குவிமாடம் உள்விட்டம் 42-க்குச் சற்றுக் கீழே. அதாவது உலகத்தின் பெரிய கோயிலின் குவிமாடம், அதே ஊரில் அதற்கு 1,400 ஆண்டுகளுக்கு முன் கட்டியதைவிடச் சிறிது! புளோரன்ஸ் எட்டுப் பட்டைக் குவிமாடம், உள்விட்டம் சுமார் 45 மீட்டர். செங்கல்லில் கட்டிய குவிமாடங்களில் இன்றுவரை இதுதான் மிகப் பெரியது.

1296-இல் அடித்தளம் போட்டார்கள். குவிமாடம் எப்படி மூடுவது என்று யாருக்கும் தெரியாமலே சுவரை எழுப்பினார்கள். பல பத்தாண்டுகள் நடுவில் ஒரு பெரிய ஓட்டை வானம் பார்த்துக் கிடந்தது. என் தொழிலில் இப்படி ஒரு பிளான் கொண்டுவந்தால் அப்ரூவல் கிடைக்காது. பிரச்சினை சென்டரிங். கல்லோ செங்கல்லோ வளைவாகக் கட்டினால், அது இறுகும்வரை கீழிருந்து மரச்சாரம் தாங்க வேண்டும். இந்த அகலத்துக்கும் உயரத்துக்கும் சாரம் போட மரத்துக்கு எங்கே போவது? 1420-இல் வேலையைத் தொடங்கிய புருனெல்லெஸ்கி, தரையிலிருந்து சென்டரிங் இல்லாமலே கட்டிக் காட்டினார். 1436-இல் மூடியாகிவிட்டது. அவர் பொற்கொல்லராகப் பயிற்சி பெற்றவர் என்பது கூடுதல் செய்தி.

எப்படி என்பதைப் படியேறும்போதே பார்க்கலாம். இரண்டு ஓடுகளுக்கு நடுவே, இடது கைப் பக்கச் சுவரில் ஓர் இடத்தில் பூச்சு இல்லாமல் செங்கல் தெரிந்தது. படுக்கையாக நாலைந்து செங்கல், பிறகு ஒன்று குத்தாக, மறுபடி படுக்கை, மறுபடி குத்து. குத்துக்கல் ஒவ்வொரு வரியிலும் ஒரு கல் தள்ளித் தள்ளிப் போய் மீன்முள் மாதிரி சுருண்டு ஏறுகிறது. இந்தக் குத்துக்கற்கள் கவ்விப் பிடிப்பதால், சாந்து ஈரமாக இருக்கும்போதும் படுக்கைக்கல் வழுக்கி விழாது. ஒவ்வொரு சுற்றும் முடிந்தவுடன் தன்னைத் தானே தாங்கிக்கொள்கிறது. நான் அதில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன், பின்னால் வரிசை நின்றுவிட்டது. நகர வேண்டியிருந்தது.

கோயிலின் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. வெற்று, விசாலம், கொஞ்சம் சில்லென்று. நீளம் 153 என்று இங்கே சொல்கிறார்கள், வத்திக்கான் தரையில் 149. நாலு மீட்டரை ரோமில் தின்றுவிட்டார்கள். சாயங்காலம் பொலோன்யாவுக்கு ரயில். முக்கால் மணி நேரம்கூட இல்லை, பாதிக்கு மேல் சுரங்கம்.

சனி, பொலோன்யா

எல்லோரும் இந்த ஊரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் இந்தப் பயணமே இதற்காகத்தான் போட்டேன் என்றால் அத்தை கோபித்துக்கொள்வார்.

சான் பெத்ரோனியோ. 1390-இல் ஊர்மக்கள் தங்கள் காசில் தொடங்கியது. ஆயரின் கதீட்ரல் இல்லை, ஊர்க்கோயில். நீளம் 132 மீட்டர், வளைவின் உயரம் 44-க்கு மேல். முகப்பின் கீழ்ப்பாதி வெள்ளையும் ரோஸுமாகப் பளிங்கு; அதற்கு மேல் காரைகூடப் பூசாத செங்கல், பளிங்கு பிடிக்க விட்ட பற்களோடு அப்படியே. பாதியில் ஓடிப்போன காண்ட்ராக்டர் வேலை போல இருக்கிறது.

நடந்தது வேறு. பதினாறாம் நூற்றாண்டில் இதைச் சிலுவை வடிவமாக நீட்டி, ரோமில் அப்போது எழும்பிக்கொண்டிருந்த பேதுரு பேராலயத்தையே விஞ்சிவிட வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். பொலோன்யா அப்போது போப்பின் ஆட்சிக்கு உட்பட்ட ஊர். போப் நான்காம் பயஸ் தடையாணை போட்டுச் சண்டை வளர்க்கவில்லை. கோயிலின் கை நீள வேண்டிய இடத்தில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கட்டடம் கட்டச் சொன்னார். 1563-இல் ஆர்க்கிஜின்னாசியோ என்ற அந்தக் கட்டடம் எழும்பியது, கோயிலுக்கு இடம் போயிற்று. அழகான வேலை; யாராவது குறை சொல்ல முடியுமா, படிப்புக்குக் கொடுத்தது அல்லவா!

பக்கச் சந்தில் போய்ப் பார்த்தேன். கோயிலின் உட்புறத்தில் நிற்க வேண்டிய தூண்கள் தெருவைப் பார்த்துக்கொண்டு பாதி உடம்போடு சுவரில் ஒட்டி நிற்கின்றன. வளைவு தொடங்கி இரண்டு கல்லோடு நின்றுவிட்டது. அதற்கு எதிரே சில அடியில் பல்கலைக்கழகத்தின் மண்டபம், அதன் கீழே காப்பிக்கடை. அங்கே உட்கார்ந்து அரை மணி நேரம் அந்த வெட்டுத் தூணைப் பார்த்தேன். இதுவரை பார்த்ததில் ஒரு கட்டடத்தின் ஆசை எவ்வளவு பெரியது என்று இவ்வளவு துல்லியமாகச் சொன்ன இடம் வேறில்லை. கட்டி முடித்திருந்தால் வத்திக்கான் தரையில் லண்டனுக்கு முன்னால் பொலோன்யா என்று எழுத வேண்டி வந்திருக்கும், அல்லது அந்தப் பட்டியலே இருந்திருக்காது.

மதியம் உள்ளே. தரையில் குறுக்காக ஓடும் ஒரு நீண்ட கோடு, சுமார் 67 மீட்டர். 1655-இல் வானியலாளர் காசினி போட்டது. வளைவில் 27 மீட்டர் உயரத்தில் ஒரு சின்னத் துளை. சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் அதன் ஒளி கோட்டின் மேல் விழும். கோடையில் துளைக்குக் கிட்டே, குளிர்காலத்தில் தூரத்தில். கோயில் இவ்வளவு நீளமாகவும் உயரமாகவும் இல்லாவிட்டால் இந்தக் கருவி நடக்காது. பெருமைக்குக் கட்டியதில் ஒரு உருப்படியான உபயோகம். பொலோன்யா கடிகாரத்துக்கு உச்சி கொஞ்சம் தாமதமாக வருவதால் காத்திருக்க வேண்டியிருந்தது. பெரிய தட்டு அளவில் முட்டை வடிவ வெளிச்சம், நகர்வது கண்ணுக்கே தெரிகிறது. ஒரு சிறுவன் கையை நீட்டி வெளிச்சத்தை உள்ளங்கையில் வாங்கினான். அத்தையும் குனிந்து வாங்கினார். கூட்டம் சேர்ந்து, கோட்டைத் தாண்டி, கலைந்துவிட்டது.

ஞாயிறு, மிலான்

ஞாயிறு பூசை, அத்தைக்கு நிறைவு. எனக்கு மொட்டைமாடி நடை. இந்தக் கோயிலின் கூரையில் சாவகாசமாக நடக்கலாம், அதற்கே வரலாம். 135 கோபுர முனைகள், மூவாயிரத்துக்கு மேல் சிலைகள். யாரும் பார்க்க முடியாத முதுகுப் புறத்திலும் தலைமயிரைச் செதுக்கியிருக்கிறார்கள்.

தொடங்கியது 1386. கடைசிக் கதவு பொருத்தியது 1965. கான்டோலியா சுரங்கத்துப் பளிங்கு ஏரியிலும் கால்வாயிலும் படகேறி ஊருக்குள் வந்தது. கோயில் சரக்கு என்று முத்திரை இருந்தால் சுங்கம் இல்லை. அதே சுரங்கத்திலிருந்துதான் இன்றும் பழுதுக்குக் கல் வருகிறது. 1387 முதல் அதே நிர்வாகம்.

அளவு? 11,700 சதுர மீட்டர் என்பது வழக்கமான கணக்கு. வெளி நீளம் 158 மீட்டர். ஆனால் வத்திக்கான் தரையில் மிலானுக்கு 135-கூடத் தரவில்லை! வெளிச்சுவர், உட்சுவர், பீடத்துக்குப் பின்னால் இருக்கும் வளைவு, டேப்பை எங்கே நிறுத்துகிறோம் என்பதில் இருபது மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது. இந்த வித்தியாசத்தில் எங்கள் ஊரில் ஒரு தெருவே கட்டிவிடுவார்கள்.

உச்சியில் தங்க முலாம் பூசிய மாதா, 108.5 மீட்டர் உயரத்தில். ஊரில் மாதாவுக்கு மேல் யாரும் கட்டக்கூடாது என்பது பழைய வழக்கம். 1960-இல் 127 மீட்டர் பிரெல்லி கட்டடம் எழும்பியபோது அதன் உச்சியில் மாதாவின் சின்னப் பிரதி ஒன்றை வைத்துச் சமாதானம் செய்துகொண்டார்கள். பின்னர் வந்த உயரக் கட்டடங்களும் அதே வழி. இதைக் கேட்டு அத்தை வாய்விட்டுச் சிரித்தார்.

திங்கள், விமான நிலையத்தில்

விமானம் தாமதம், எழுத நேரம் கிடைத்தது. நாங்கள் போகாத இடங்களைப் பற்றி.

யமுசுக்ரோ. ஐவரி கோஸ்ட்டின் அதிபர் ஊஃபுவே-புவானி தன் சொந்த ஊரைத் தலைநகராக்கி, அங்கே கட்டிய சமாதான மாதா பேராலயம். 1990 செப்டம்பரில் இரண்டாம் ஜான் பால் அர்ச்சித்தார். உலகச் சாதனைப் பட்டியலில் பெரிய தேவாலயம் என்று 30,000 சதுர மீட்டர் இதற்குத்தான். சூப்பர் பில்ட்-அப் என்றேனே, இதுதான்: உள்ளே வழிபடும் இடம் 8,000-க்குச் சற்றுக் குறைவு, மிச்சம் தூண் வரிசையும் இணைப்புகளும். குவிமாடம் பேதுருவைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும் என்று ரோம் கேட்டது, கட்டியவரும் ஒப்புக்கொண்டார். அதன் மேல் நட்ட சிலுவையைச் சேர்த்தால் 158 மீட்டர்! நான்காம் பயஸுக்கு இவர்தான் சரியான ஆள்.

அப்பரெசிடா. 1717-இல் மூன்று மீனவர்களின் வலையில் சிக்கிய கரிய மாதா சிலை. 1955-இல் தொடங்கிய புதிய கோயிலின் உட்பரப்பு 12,000 சதுர மீட்டர், முப்பதாயிரம் பேர் கொள்ளும். எந்தப் போட்டிக்கும் இல்லாமல், பழைய கோயிலில் கூட்டம் கொள்ளவில்லை என்பதற்காகக் கட்டியது. அத்தையின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் கோயில் இது ஒன்றுதான்.

லிவர்பூல் ஆங்கிலிக்கன் கதீட்ரல், வெளி நீளம் 189 மீட்டர். அதே ஊரில், அதே தெருவின் மறுமுனையில், கத்தோலிக்கருக்காக லட்யன்ஸ் ஒரு கோயில் வரைந்தார். ஆமாம், புதுதில்லியைக் கட்டியவர்தான். பேதுருவைவிட அகலமான குவிமாடம். போர் வந்தது, 1941-இல் நிலவறையோடு நின்றது. இப்போது அந்த நிலவறை மேல் வேறு வடிவில் ஒரு வட்டக் கோயில்.

உயரத்தில் இனிப் போட்டி இல்லை. ஜெர்மனியில் உல்ம் ஆலயம் 161.5 மீட்டரோடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முதலிடத்தில் இருந்தது. 2025 அக்டோபரில் பார்சிலோனாவின் சக்ராதா ஃபமிலியா அதைத் தாண்டிவிட்டது.

செவ்வாய், செவில்

கதீட்ரலுக்குள் நுழைந்ததும் இருட்டு. கண் பழகியதும், ஐயோ இவ்வளவு பெரிதா என்று முதல்முறையாக ஒரு கோயில் சொல்ல வைத்தது. ரோமில் எண்ணைச் சொல்லிச் சொல்லி நம்ப வேண்டியிருந்தது. இங்கே எந்த எண்ணும் வேண்டாம். நீளம் குறைவு, அகலம் பிரம்மாண்டம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தூணுக்குப் பின்னால் தூண், அதற்குப் பின்னால் வேறொரு சிற்றாலயம். கோடி எங்கே என்று தெரிவதில்லை. பெரிய இடம் என்ற உணர்வுக்கு அளவைவிட இந்தத் தெரியாமைதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

உலகச் சாதனைச் சான்றிதழைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். பரப்பளவில் மிகப் பெரிய கதீட்ரல்: நீளம் 126.18 மீட்டர், அகலம் 82.60, உயரம் 30.48. கதீட்ரல் என்ற சொல்லைக் கவனியுங்கள். பேதுரு பேராலயம் கதீட்ரல் இல்லை என்று ரோமில் சொன்னேனே, இங்கே அது கை கொடுக்கிறது. செல்போனில் பெருக்கினேன்: 10,422. பட்டியல்களில் செவிலுக்குப் போடுவது 11,520. மிலானும் கதீட்ரல்தான், 11,700 சொல்கிறது. நியூயார்க்கின் யோவான் கதீட்ரல் 11,200 சொல்லிக்கொண்டு, கன அளவில் நாங்கள்தான் என்கிறது. அது 1892-இல் தொடங்கி இன்னும் முடியவில்லை. யார் பெரியவர் என்ற வழக்கில் நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை. ஆனால் சிலுவைக் கைகளை விட்டுவிட்டு நடு உடலை மட்டும் அளந்தால், இந்தப் பயணத்தில் பார்த்த எந்தக் கோயிலும் 82.60 அகலத்துக்குப் பக்கத்தில் வரவில்லை.

"முடிந்தபின் பார்க்கிறவர்கள் நமக்குப் பைத்தியம் என்று சொல்லும்படி கட்டுவோம்" என்று 1401-இல் குருக்கள் தீர்மானித்ததாகக் கதை உண்டு. நடுப்பீடத்தின் பின்னால் தங்க மரச்சிற்பச் சுவரைப் பார்த்தால் கதையை நம்பலாம். 1482-இல் தொடங்கிய வேலை, எண்பதாண்டுக்கு மேல் போயிற்று. அத்தை கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கிறிஸ்து பிறப்பு எங்கே, பாடுகள் எங்கே என்று தேடினார்.

கொலம்பஸ் கல்லறையில் கூட்டம். தாண்டி வந்துவிட்டோம்.

கடைசியில் ஹிரால்டா கோபுரம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிருந்த பெரிய பள்ளிவாசலின் மினாரா, மேலே மணிப்பகுதி 1568-இல் சேர்த்தது. படி இல்லை! பாங்கு சொல்பவர் குதிரையிலேயே மேலே போக வசதியாகச் சரிவுப் பாதை போட்டதாகச் சொல்வார்கள், மொத்தம் 35 சரிவுகள், கடைசியில் மட்டும் சில படிகள். "அப்போ நானும் வாரேன்" என்று அத்தை செருப்பைச் சரிசெய்துகொண்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் எண். பத்தில் ஒரு ஓய்வு, இருபதில் ஒரு ஓய்வு, இருபத்தெட்டில் தண்ணீர்.

மேலிருந்து கோயிலின் கூரையைக் காட்டினேன். மேலே வளைவுகளும் சிறு கோபுரங்களும் ஆயிரம் இருக்கட்டும், வெளிக்கோட்டைப் பாருங்கள் என்றேன். நீள்சதுரம். ரோமிலும் புளோரன்ஸிலும் கூரை சிலுவையாகக் கை விரிக்கும். இங்கே பெட்டி மாதிரி நாலு மூலை. பள்ளிவாசல் நின்ற மனையின் மேலேயே கட்டினார்கள். தொழுகைக்கு மக்கள் பக்கம் பக்கமாக வரிசையில் நிற்க அகலம் வேண்டும். அந்த அகலம் கோயிலுக்கு வந்து சேர்ந்தது. சான்றிதழில் இருக்கும் 82.60 முன்னவர்கள் விட்டுப்போன மனையளவு. பக்கத்தில் ஆரஞ்சு மர முற்றமும் அவர்களுடையதுதான்.

அத்தை அதையெல்லாம் கேட்டுவிட்டு, மணி அடிக்கும் முன்னே இறங்கிவிடலாம் என்றார். காதுக்குப் பக்கத்தில் இருபதுக்கு மேல் மணிகள் தொங்குகின்றன. இறங்கினோம், பதினைந்தாவது சரிவில் இருக்கும்போது மேலே அடித்துவிட்டது.

நாளை மாட்ரிட் வழியாகச் சென்னை. அத்தைக்கு எழும்பூரிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ், கீழ் பெர்த் கிடைத்திருக்கிறது.